லைன் கட்டானவருக்காகக் காத்திரு

மருமகளே, உன் அப்பா நேற்று ராத்திரி போன் எடுத்துச் சொன்னான். கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகளையும் தோட்டத்தில் இருக்கிறவர்களையும் சேர்த்து, வாரத்தில் ஒருநாள் இணையவழியில் கதை, கவிதை, கூத்து என்று பேசப் போகிறாயாம். கொரோனாக் காலத்தில் அத்தை நடத்திய கூட்டம் மாதிரி என்றாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது, கொஞ்சம் பயமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தால் பலருக்கு ராத்திரிகள் லேசாயின. அதே கூட்டத்தில் என் அவசரத்தாலும் வாயாலும் சிலர் மனம் நொந்தும் போனார்கள். நல்லது உனக்குத் தானாகவே கைவரும். நான் செய்த பிழைகளை நான்தான் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. எங்கள் ராகலை பஜாரில் ஒரு கடையும் திறக்கவில்லை. நுவரெலியா பஸ்ஸும் இல்லை, உடப்புசல்லாவ பஸ்ஸும் இல்லை. பள்ளிக்கூடங்களை அதற்கு ஒரு வாரம் முன்பே மூடிவிட்டார்கள். நான் வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து மண்டபம் முகாமைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பேன். நம் பாட்டன் பூட்டன்மாரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த காலத்தில், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் அந்த முகாமில்தான் தடுத்து வைத்தார்கள். கொலராவோ அம்மையோ இல்லை என்று பார்த்துத் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றும்வரை அங்கேதான் இருப்பு. முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் ஒன்றாக அடைபட்டு அந்த ராத்திரிகளை எப்படிக் கழித்திருப்பார்கள்? பாடாமலும் கதை பேசாமலும் கழித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அந்த நினைப்பில்தான் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, ஸூமை எப்படித் திறப்பது என்று கேட்டேன். எனக்கு அப்போது அறுபத்தொரு வயது.

1. காலையில் பிரட்டுக்குப் பேர் கொடுப்பது எத்தனை மணிக்கு, கடைசிக் கொழுந்து நிறுப்பது எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுக் கூட்டத்துக்கு நேரம் குறி. ஊரடங்கு என்றால் எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள் என்று நான் எண்ணினேன். லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த நானே அப்படி எண்ணினேன், பார். முதல் கூட்டத்தைச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தேன். டீச்சர்மார் வந்தார்கள். கொழும்பில் கடைகளுக்குள் அடைபட்டுக் கிடந்த பொடியன்கள் வந்தார்கள். தோட்டத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. தேயிலைக்கு ஊரடங்கு ஏது? நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில் நம் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். திரும்பி வந்து விறகு பார்த்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடிக்க ஏழு மணியாகும். கூட்டத்தை ஏழரைக்கு மாற்றிய பிறகுதான் அவர்களுடைய குரல் கேட்டது. யாரோடு பேச ஆசைப்படுகிறாயோ, அவர்களுடைய ஒரு நாள் எப்படி விடிந்து எப்படி அடைகிறது என்று முதலில் தெரிந்துகொள்.

2. லைன் கட்டானவருக்காகக் காத்திரு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

மலையில் கொழுந்தெடுக்கிற ஒருத்தி எங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தாள். நாற்பது தாண்டியவள், எனக்குப் பிள்ளை வயது, உனக்கு அக்கா மாதிரி. அவள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. இஸ்தோப்பின் கடைசித் தூணில் போனைச் சாய்த்து வைத்தால்தான் அங்கே சிக்னல் நிற்கும். ஆறேழு வாரம் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் 1970களின் பஞ்சத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தோட்டங்களில் சனங்கள் பட்டினியால் செத்த காலம் அது. அவள் தானாகவே வாய் திறந்தாள். தன் அம்மா மூக்குத்தியைக் கழற்றிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கு ஒரு விடியற்காலையில் இறங்கிப் போன கதையைச் சொல்லத் தொடங்கினாள். "அம்மா அந்த வீட்டு வாசல்ல போயி நின்னுச்சாம் டீச்சர்..." என்றாள். அதோடு லைன் கட்டானது.

நான் பத்து எண்ணும் நேரம்கூடப் பொறுக்கவில்லை. "சரி, அடுத்தவர் பேசலாம்" என்றேன். அவளோ அந்த இருட்டில், தூறல் மழையில், போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறியிருக்கிறாள். அவள் திரும்ப வந்து சேர்ந்தபோது நாங்கள் வேறெதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மேட்டுக்கு ஏறிய கதை அவள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த இரண்டு வாரம் அவள் வரவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் நான் பள்ளத்துக்கு இறங்கிப் போனேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். "பரவாயில்ல டீச்சர், நேரம் போயிருச்சின்னு நெனச்சேன்" என்றாள். மீதிக் கதையை அந்த இஸ்தோப்பில் எனக்கு மட்டும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது. பிறகு கூட்டத்துக்கு வந்தாள், ஆனால் அதை மறுபடி எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். யாருக்காவது லைன் கட்டானால் எல்லாரும் சும்மா இருப்போம். நான் இன்னொரு போனில் அவருக்குச் சாதாரண அழைப்பு எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, இந்தப் போனுக்குப் பக்கத்தில் அந்தப் போனை வைப்பேன். குரல் கரகரவென்றுதான் வரும், வந்தால் போதும். அதுவும் முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். அடுத்த கூட்டத்தை அதிலிருந்து தொடங்குவோம். பதறிய காரியம் சிதறும் என்பதை நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் நான் தினமும் சொன்னவள். எனக்கு அது புரிந்தது அந்த மூக்குத்திக் கதை பாதியில் நின்றபோதுதான்.

3. முகத்தைக் காட்டச் சொல்லாதே. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதற்குள் ஒருவர் படித்துக்கொண்டிருப்பார், ஒருவர் படுத்திருப்பார், கொடியில் ஈரத் துணி தொங்கும். கமராவைப் போடு என்றால் அந்த வீட்டையே எல்லாருக்கும் திறந்து காட்டு என்று கேட்பது மாதிரி. ரீலோட் போட்ட காசும் கரைந்துவிடும். குரல் போதும்.

4. பெரிய தலைப்பு வேண்டாம், ஒரு சின்னக் கதை போதும். "மலையக இலக்கியத்தின் செல்நெறிகள்" என்று நான் ஒருநாள் வைத்தேன். பேசியவர் நன்றாகத்தான் பேசினார், கேட்டவர்கள் தூங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் என்.எஸ்.எம்.இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையை எடுத்தேன். நூலகம் தளத்தில் 2005இலிருந்து நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களை இலவசமாகப் போட்டு வருகிறார்கள், அது பெரிய புண்ணியம். ஆனால் அந்தப் பக்கங்களைச் சின்னப் போன் திரையில் வாசிக்கக் கண் வேண்டுமே. ஆகவே கதையைத் துண்டு துண்டாக நானே வாசித்துக் குரல்பதிவாக அனுப்பினேன். பெண்கள் அடுப்பு வேலையோடு கேட்டார்கள். கூட்டத்தன்று பார்க்க வேண்டுமே! ஈரக் கொழுந்து என்று எத்தனை கிலோவைக் கழிப்பார்கள், கூடைக்கு எவ்வளவு கழிப்பார்கள், எந்த மலையில் கை ஓடும், எந்த மலையில் ஓடாது என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். நான் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள். கொழுந்தெடுக்கும் பெண்ணின் தன்மானத்தைப் பற்றிய அந்தக் கதையை அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன்.

5. அவர்கள் பேசுவது மாதிரியே பேசவிடு. ஒரு சின்னப் பெண் "எங்க காம்பராவுல" என்றபோது நான் "அறை என்று சொல்லம்மா" என்று திருத்திவிட்டேன், பழக்க தோஷம். அதற்குப் பிறகு அவள் மேடைத் தமிழில் நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாள். அதில் அவள் இல்லை. பிரட்டு, காம்பரா, இஸ்தோப்பு எல்லாம் ஊரறிந்த சொற்கள், அவற்றுக்குள் நம் இருநூறு வருடம் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் மன்னிப்புக் கேட்டதில் அவள்தான் கூச்சப்பட்டாள்.

6. சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் தடுக்காதே. ஒருநாள் ஒரு கவிதையைப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்ட போராட்டத்துக்குள் போய்விட்டான். "இது இலக்கியக் கூட்டம் தம்பி" என்று சொல்லி அவன் குரலை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது யாருடைய கவிதை? மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளையின் கவிதை. அவர் தொழிற்சங்கக்காரர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் நின்று பாராளுமன்றம் போனவர். அடுத்த வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவருக்கு வாக்களித்த சனங்களை நாடற்றவர்களாக்கியது. தொழிற்சங்கத் தலைவர் கோ.நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டெழுதிப் பாடியவர். நம்மிடம் பாட்டும் சம்பளமும் ஒரே வாயிலிருந்துதான் வந்திருக்கின்றன. 2021 மார்ச்சில் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது அந்தப் பையனையே முதலில் பேசக் கூப்பிட்டேன். அந்தப் பொத்தான் உன் கையிலும் இருக்கும். நாய் குரைத்தால் அழுத்து, மனுசர் குரல் உயர்ந்தால் அழுத்தாதே.

7. பதிவு செய்வதற்கு முன்னே கேள். வெளியே போடுவதற்கு முன்னே இன்னொரு தரம் கேள்.

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2021இல் ஒரு வாரம் தாலாட்டும் ஒப்பாரியும் என்று வைத்தோம். எழுபது வயது தாண்டிய ஒரு ஆச்சி பேரனுடைய போனில் வந்தார். அவருடைய தம்பி கொழும்பில் கொரோனாவில் இறந்து ஒரு மாதமாகியிருந்தது. உடலை ஊருக்குக் கொண்டுவரவில்லை, இவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒப்பாரியைப் பற்றித்தான் பேச வந்தார், பேசிக்கொண்டே இருந்தவர் பாடத் தொடங்கிவிட்டார். அது எங்களுக்காகப் பாடியதில்லை. பிணம் இல்லாத வீட்டில், மாரடிக்கப் பக்கத்தில் ஒரு பெண்ணும் இல்லாமல், அந்த ஆச்சி ஒரு மாதம் அடக்கி வைத்திருந்த அழுகை அது. முடிந்த பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பையன் அதைப் பதிந்திருந்தான். "நம்ம கலை டீச்சர், போடட்டா?" என்றான். நானும் பெருமையில் "போடு" என்றுவிட்டேன். இரண்டு நாளில் அது போன் போனாகச் சுற்றியது. முகம் தெரியாதவர்கள் "சூப்பர்" என்று போட்டார்கள். மூன்றாம் நாள் ஆச்சியின் மகன் போன் எடுத்தார். கத்தவில்லை. "அம்மா அழுவுனத ஊரே கேக்குது டீச்சர்" என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அழித்துவிட்டோம். மற்றவர்களுடைய போன்களிலிருந்து எப்படி அழிப்பது? இன்றைக்கும் எங்கேயோ இருக்கும். ஒப்பாரி கலைதான், ஆவணப்படுத்த வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அழுகிறவர் அழுது முடித்து, முகம் கழுவி, "சரி, எடுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். அதுவரை அது அவருடைய வீட்டுத் துக்கம்.

8. திரைக்குள் அடங்காததை அடக்கப் பார்க்காதே. அந்த வருட மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கவில்லை. மனம் கேட்காமல் கூத்து வாத்தியார் ஒருவரை ஸூமில் தப்படிக்கக் கூப்பிட்டேன். அவர் வேட்டி கட்டி, தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடித்தார். எங்களுக்கு "டக்" என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு "டக்". அந்தச் செயலி தப்பை வெளி இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகிறது. சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் தப்பைக் கீழே வைத்துவிட்டார். சத்தத்தை உள்ளபடியே விடுகிற ஒரு வசதி அதிலேயே இருக்கிறது என்று பிறகுதான் கண்டுபிடித்தோம். நீ எதையும் முதல் நாளே சரிபார்த்துக்கொள்.

ஆனால் தப்புச் சத்தம் கேட்டிருந்தாலும் அது காமன் கூத்தாகியிருக்காது. கம்பம் ஊன்ற மண் வேண்டும். ரதியும் மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாகப் போக வேண்டும். காமன் எரிகிற ராத்திரியில் முழுத் தோட்டமும் குளிரில் நிற்க வேண்டும். திரையில் செய்யக்கூடியது வேறு. பிறகொரு நாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மறுபடி கூப்பிட்டேன்: அடிக்க வேண்டாம், பேசுங்கள் என்று. பதினேழு வயதில் தனக்கு ரதி வேசம் கட்டிவிட்டதையும், சேலை கட்டி நடக்கப் பழகியதையும் சொன்னார். ஒன்றரை மணி நேரம், ஒருவரும் எழும்பவில்லை.

9. தூரத்தில் இருப்பவர்களை வரவேற்று வை, ஆனால் கூட்டத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடாதே. லண்டன், கனடா, சென்னை என்று ஆட்கள் வருவார்கள். நல்ல மனசோடுதான் வருவார்கள். அவர்களுக்கு லைன் கட்டாகாது, பேச்சும் நிற்காது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று முதலிலேயே சொல்லிவிடு.

அப்படி வந்தவர்களில் தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து வந்த ஒரு பெரியவரை மட்டும் நான் மறக்க மாட்டேன். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில் நம் சனங்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்களே, அதில் போன குடும்பம். அங்கே போயும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. எங்கள் கூட்டத்தில் அவரோடு ஒன்றாகப் படித்த ஒருவர் இருந்தார். குரலை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நலம் விசாரிப்பார்கள், அழுவார்கள் என்று பார்த்தால், ராகலை ரயில் ஸ்டேசன் எந்த இடத்தில் இருந்தது என்று இரண்டு பேரும் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு வந்த அந்தச் சின்ன ரயில் 1940களிலேயே நின்றுவிட்டது. இரண்டு பேருமே அதைப் பார்த்ததில்லை. அப்பாமார் சொன்னதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். அவர்களுக்கு நான் ஐந்து நிமிடக் கணக்குப் பார்க்கவில்லை.

10. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாதே. மூன்று பேர் வந்த ராத்திரியிலும் நல்ல பேச்சு நடந்திருக்கிறது.

11. நிறுத்துவதென்றால் சொல்லிவிட்டு நிறுத்து. 2022இல் மின்வெட்டு வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. போனுக்குச் சார்ஜ் இல்லை, சிக்னல் கோபுரத்துக்குக் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டேன். முடிந்துவிட்டது என்று ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. சில பெண்கள் பல வாரம் ஏழரைக்குப் போனைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அந்த வருடம் ஒக்டோபரில் தெளிவத்தை ஜோசப் காலமானார். 'காலங்கள் சாவதில்லை' எழுதிய மனிதர். அவருடைய கதைகளை நாலு ராத்திரி பேசியவர்கள் நாங்கள். அவருக்காகக் கூடியிருந்து ஒரு கதை வாசிக்க எங்களுக்குக் கூட்டம் இல்லை. தனித்தனியாக ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டோம், அவ்வளவுதான்.

நீ தொடங்கு, கண்ணு. அத்தை பின்வரிசையில் கமராவை மூடிவிட்டு இருப்பேன். என் பழைய கொப்பியில் அறுபத்து மூன்று பேருடைய போன் இலக்கங்கள் இருக்கின்றன. அதில் பள்ளத்து லயத்து அக்காவின் இலக்கத்துக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் அழைப்பை அவளுக்கு எடு. ஏழரைக்கு முன்னே எடுக்காதே, அடுப்படியில் இருப்பாள். அவள் அம்மா அந்த வீட்டு வாசலில் போய் நின்றதுவரை நாங்கள் கேட்டுவிட்டோம் என்று சொல்லு. மீதியைக் கேட்கக் காத்திருக்கிறோம் என்றும் சொல்லு.